உன் அளவு எனக்குச் சேரவில்லை

அன்புள்ள ஜன்னல் கட்டில்காரிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், கேட்கவே வேண்டாம். உன் கடிதத்தை என் வீட்டுக்காரர்தான் சத்தமாக வாசித்தார். கைத்தடி இல்லாமல் கடைத்தெரு வரை போய் வந்தாயாமே! “உன்கூடத்தான் ஆஸ்பத்திரியில கிடந்தா, எப்படி நடக்கிறா பாரு” என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது.

இருவருக்கும் ஒரே பக்கவாதம், ஒரே மாதிரித் தொங்கும் பாதம், முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டால் நரம்பைத் தூண்டிப் பாதத்தைத் தூக்கிவிடும் ஒரே மாதிரிக் கரண்ட் பெட்டி. குதிகாலை எடுத்ததும் உனக்குப் பாதம் தூக்குகிறது. எனக்கோ விரல் தரையைத் தேய்த்துக்கொண்டே வருகிறது. மாடியில் என் தையல் கடை பூட்டிக் கிடக்கிறது. படியேறினால்தானே திறக்க முடியும்?

கரண்ட் எவ்வளவு, துடிப்பு எவ்வளவு என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அதை அப்படியே என் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஓரடி வைப்பதற்குள் பாதம் சுரீரென்று வெளிப்பக்கம் திரும்பி, நான் சோபாவில் போய் விழுந்தேன். நல்ல வேளை, சோபா இருந்தது.

மறுநாள் வந்த பிசியோதெரபிப் பெண் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். “நீங்க டெய்லர்தானே? பக்கத்து வீட்டம்மா அளவுல உங்களுக்குச் சட்டை தைப்பீங்களா? அவங்க நரம்பு வேற, உங்க நரம்பு வேற” என்றாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டே காலம் கழித்தவளுக்கு இந்தப் புத்தி இல்லாமல் போயிற்றே!

பிறகு கரண்ட் பாய்வதற்காகக் காலில் ஒட்டும் பட்டையைச் சற்று நகர்த்தினாள். கரண்டைக் குறைத்தாள். குதிகால் தரையில் படும்வரை பாதம் தூக்கியே இருக்கும்படி நேரத்தைக் கூட்டினாள். விரல் தட்டவில்லையடி! கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் ஏறி நின்றேன். வீட்டுக்காரர் கைதட்டினார். எனக்கோ, இந்நேரம் நீ மாடிக்கே போயிருப்பாய் என்றுதான் தோன்றியது. என்ன மனசோ இது, போ.

கோபித்துக்கொள்ளாதே. ஊரில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள், அவர்களைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. வார்டில் நாம் இருவருமே எழ முடியாமல் கிடந்தபோது எனக்கு ஒரு துணை இருந்தது. இப்போது நீ எழுந்து போய்விட்டாய்.

நீ மகராசியாக நட. உன் கால் எங்கேயும் தடுக்கக் கூடாது. நான் வந்து சேரும்வரை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போ, தாயே.

இப்படிக்கு,
உன் பக்கத்துக் கட்டில்காரி