மூடின பள்ளத்தில் புங்கங்கன்று

விஜயபுரம்

அம்மா நளினி,

நீயும் பேரன் யஸ்வந்தும் திருப்பதியில் சௌக்கியமா? இதைப் போனில் சொல்ல எனக்குக் குரல் வராது, அதனால் எழுதுகிறேன்.

குவாரிப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். மாட்டைக் கழுவப்போன உன் புருஷன், என் பிள்ளை சம்பத்து அந்தத் தண்ணீரில் முழுகிப் போனதிலிருந்து, பள்ளம் இருக்கிறவரைக்கும் இந்த ஊரை மிதிக்கமாட்டேன் என்றாயே. அதற்காகத்தான் அஞ்சாவது படிச்ச கையாலேயே மனு எழுதிக்கினு சித்தூருக்கு நடையாய் நடந்தேன்.

நேற்று மைன்ஸ் ஆபீசர் பார்க்க வந்தார். கொட்டின மண்ணில் கம்பியைக் குத்தினார். சரக்கென்று இறங்கிவிட்டது.

"மழை பேஞ்சா தானா அமுங்கிடும் சார்" என்றான் காண்டிராக்டர்.

"அதுவரைக்கும் நீ இதுமேல படுத்துக்கினு இருப்பியா? இன்னொரு தபா மண்ணு கொட்டு" என்றார் அவர். சாயங்காலம் அதையும் கொட்டி இடித்து முடித்த அப்புறம் என் பக்கம் திரும்பி, "பெத்தம்மா, உங்க பிள்ளையைத் தூக்கின இடம் எது? இங்க மரம் வைக்கப்போறோம், முதல் புங்கங்கன்னை அங்க நீங்களே வைங்க" என்றார்.

ஊரே என்னைப் பார்த்துக்கினு நிற்குது. பள்ளமாய் இருந்தபோது அமாவாசைக்கு அமாவாசை அந்த இடத்துக் கரையில்தான் சோறு வைத்தேன். இப்போ கரையுமில்லை, எல்லாம் ஒரே மட்டம். பெத்தவளுக்கே தெரியலையே என்று ஒருத்தரும் சொல்லக்கூடாதென்று, நிமிர்ந்து நின்று ஏதோ ஓர் இடத்தைக் காட்டிவிட்டேன். புங்கங்கன்று அங்கே நிற்குது.

ராத்திரியெல்லாம் அது அவன் இடமில்லை என்றே தோணுது. தூக்கினபோது அவன் தலையை மடியில் வாங்கினவள் நீ. ஒரே ஒரு தரம் வந்து காட்டு. வேர் பிடிக்கிறதுக்குள்ளே வந்தால் மாற்றி வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் ஆயா