விளக்கெரித்து வந்த கோதுமை

ரிங்ஸெண்ட், டப்ளின்
1943 ஜனவரி 11

என் நண்டுக்குட்டிக்கு,

அம்மா நலம். உன் கப்பல் கனடா போய்ச் சேர்ந்தது என்று கம்பெனியில் சொன்னார்கள். தெருவே என்னைச் சுற்றிக்கொண்டது. "உம் மவன் கோதுமை கொண்டாரலேன்னா ரொட்டிக்கும் ரேஷன்தான் பாத்துக்க" என்று பக்கத்து வீட்டு டெர்வ்லா மிரட்டுகிறாள்.

தேயிலைக் கதையைக் கேட்காதே. கொதித்த இலையையே ஜன்னலில் காயவைத்து மறுபடி கொதிக்கவைக்கிறோம். கேஸுக்கும் ரேஷன். கேஸை நிறுத்திய நேரத்தில் குழாயில் மிச்சமிருப்பதைப் பற்றவைப்பது குற்றமாம்; கேஸ் கம்பெனியின் சோதனைக்காரன் வந்து அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறான், சுட்டால் பெயரெழுதி இணைப்பையே துண்டித்துவிடுவான் இந்தக் கேஸ்காரன். நேற்று வந்தான்.

"அடுப்பு சூடா இருக்கே?"

"இப்பத்தான்யா பூனை எந்திரிச்சுப் போச்சு!"

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் நாடு யார் சண்டையிலும் இல்லை. மூழ்குகிறவர்களைத் தூக்கப் படகு இறக்கினால் நீ இறங்காதே. உன் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்தாகிவிட்டது.

உன் அம்மா,
ஓனோரா

செயிண்ட் ஜான் துறைமுகம்
1943 பிப்ரவரி 16

அம்மாவுக்கு,

பூனைக் கதையைக் கேட்டுக் கப்பலே சிரித்தது. முட்ட முட்டக் கோதுமை ஏற்றிவிட்டோம்! இரண்டு பக்கமும் நாட்டின் பெயரை ஆளைவிடப் பெரிதாகப் புதுச் சாயத்தில் எழுதினோம். கடைசி எழுத்து என் கை.

மற்ற கப்பல்கள் இருட்டில் பதுங்கிப் போகும். நாம்தான் கல்யாண வீடு மாதிரி விளக்கெரித்துப் போகிறோம், சண்டைக்காரர் இல்லை என்று தெரியவேண்டுமே. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தானே அம்மா தண்ணீரில் கிடக்கிறவன் கத்துகிறான்? அந்த வாக்கை மட்டும் கேட்காதே.

அசல் தேயிலை ஒரு பொட்டலம் வாங்கியிருக்கிறேன். பூட்ஸுக்குள் ஒளித்து எடுத்து வருவேன். கேஸ்காரனுக்கும் ஒரு கோப்பை கொடு!

உன் நண்டு,
லோர்கன்

ரிங்ஸெண்ட்
1943 மார்ச் 21

என் நண்டுக்குட்டிக்கு,

வந்துவிட்டதடா உன் கோதுமை! துறைமுகத்தில் கப்பல் சங்கு கேட்டதும் கை மாவோடு ஓடினேன். டெர்வ்லா ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள். கப்பல் பக்கத்தில் நீ எழுதிய கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. "அதோ பாருங்க, எம் பிள்ள எழுதுனது!" என்று ஊருக்கெல்லாம் காட்டினேன். ரொட்டிக்கு ரேஷன் இல்லையாம்! கிழவர்கள்கூட ஆடினார்கள்.

அப்புறம் கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். "ரெண்டு தடவ படகுல போயி ஆறு பேரக் கொண்டாந்தான்மா. மூணாவது தடவ அலை கவுத்துருச்சு" என்றார். பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கினாயாமே. அதனால்தான் பொட்டலம் நனையாமல் என்னிடம் வந்தது.

நேற்று கேஸை நிறுத்திய நேரத்தில்தான் அந்தத் தேநீரைப் போட்டேன். கேஸ்காரன் வந்து அடுப்பைத் தொட்டான்.

"பூனையாம்மா?"

"ஆமாய்யா."

எதுவும் எழுதிக்கொள்ளாமல் உட்கார்ந்துவிட்டான். நீ சொன்னபடியே அவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். என்ன நிறம், என்ன மணம்! உன் கோப்பையிலும் ஊற்றினேன், ஆறிப்போயிற்று.

இந்தக் கடிதத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஒன்றுதான் மனதைக் குடைகிறது. நீ தண்ணீரில் கிடந்தபோது, நம் கப்பல் விளக்கு உனக்குத் தெரிந்ததா, குட்டி?