ஒரு நாள் பிசகு

மார்ச் 4
ஞாயிறு. தங்கை மகனுக்கு முடிவெட்டு. பதினான்கு வயதாகிறது, பேச்சு வரவில்லை. கத்தரிக்கோலைக் கண்டால் வீட்டை இரண்டாக்குவான். என் கை தலையில் இருந்தால் மட்டும் அடங்குவான். சிறிய தலை. பிடித்திருக்கும்போதே என் விரல்கள் சுற்றளவைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகின்றன – தொழில் புத்தி. வெட்டிக்கொண்டிருந்த தங்கை பார்த்துவிட்டாள். "அளக்காத. பிடி" என்றாள்.

மார்ச் 12
ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவள் என் பழைய சோதனையைத் திரும்பச் செய்திருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன் எனக்குப் பெயர் வாங்கித் தந்த சோதனை. ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் கருவிலேயே மூளை சிறுத்துப்போகும். தாய் சுமப்பாள், மகனைத் தாக்கும். அவளுடைய எலிக் கருக்களில் மூளை சிறுக்கவில்லையாம். "நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருப்பேன் மேடம்." ஆமாம், மறுபடி செய் என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

ஏப்ரல் 2
மூன்றாவது முறையும் அதேதான்.

ஏப்ரல் 3
அந்த மாற்றம் தங்கைக்கு இருக்கிறது, அவள் மகனுக்கும் இருக்கிறது. அடுத்ததும் ஆணாக இருந்தால் பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னது என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு. அப்போதும் அவள் என்னிடம்தான் வந்தாள். "நீ சொல்லு அக்கா, இன்னொண்ணு பெத்துக்கவா?" வேண்டாம் என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்!

ஏப்ரல் 9
விலங்குக் கூடத்தின் காப்பாளரிடம் பழைய கூண்டு அட்டைகளைக் கேட்டேன். எல்லோருக்கும் அவர் எலி மாமா. எதையும் தூக்கிப் போடாத மனிதர். அட்டைகளை மேஜையில் பரப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"நீங்க வந்த புதுசுல, கருவோட வயசுக்கு, எலிங்க இணை சேர்ந்த நாள ஒண்ணுன்னு எண்ணுவீங்க. உங்க பழைய எடத்துப் பழக்கம். இங்க நாங்க சைபர்னு எண்ணுவோம். அப்பவே சொன்னேனே?"

சொன்னார். சிரித்துக்கொண்டே பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அதற்கு முன் எழுதிய அட்டைகளைத் திருத்தினேனா? இல்லை.

உடன்பிறந்த கருக்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். இது பாலபாடம். அன்று எண்ணிக்கை போதவில்லை என்று, மாற்றமில்லாத கருக்களை அவருடைய கூண்டிலிருந்து எடுத்தேன். இரண்டு அட்டையிலும் பதினான்காம் நாள். ஆனால் மாற்றமுள்ள என்னுடையவை உண்மையில் ஒரு நாள் இளையவை. அந்தப் பருவத்தில் எலி மூளைக்கு ஒரு நாள் என்பது பெரிய காலம். நோயால் சிறுக்கவில்லை. இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

ஐயோ, இவ்வளவு அற்பமாகவா?

ஏப்ரல் 10
கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் அனுப்பிவிட்டேன். இயக்குநர், "சத்தமில்லாம ஒரு திருத்தம் போட்டா போதாதா?" என்றார். போதாது என்றேன். இதெல்லாம் சுலபமான பகுதி.

ஏப்ரல் 15
தங்கையிடம் சொன்னேன். சமையலறையில், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. முழுவதும் கேட்டாள்.

"அப்போ… என் வழியா வரலியா?"

"அப்படிச் சொல்ல ஆதாரமே இல்ல. எதனாலன்னு தெரியல."

அவள் தோளின் இறுக்கம் தளர்ந்தது. மாமியார் ஒன்பது வருடமாக ஜாடை பேசியதற்கெல்லாம் வாய் திறக்காதவள். பிறகுதான் அடுத்தது புரிந்திருக்க வேண்டும்.

"எனக்கு இப்ப நாப்பத்தி நாலு. உன்ன நம்பித்தானே ஒண்ணோட நிறுத்தினேன்? நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

"போயிடு அக்கா."

மே 6
போன் எடுக்கவில்லை.

மே 20
எடுக்கவில்லை. முடி வளர்ந்திருக்குமே, யார் பிடிக்கிறார்கள்?

ஜூன் 24
காலையில் அவளே கூப்பிட்டாள். "முடி கண்ணுல விழுது. வா." வைத்துவிட்டாள்.

போனேன். அவனிடம் மட்டும், "பெரியம்மா வந்துட்டாங்க, ஆடாத" என்றாள். தலையைப் பிடித்தேன். அடங்கினான். முடி முழுவதும் வெட்டி, கழுத்தைத் துடைத்துவிட்டு, தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அளந்துக்கோ. எதனாலன்னு கண்டுபிடி. இந்தத் தடவ சரியா எண்ணு."

நாற்பத்தெட்டரை சென்டிமீட்டர். மூன்று முறை அளந்தேன்.