என் பங்கு மீன்

பிப்ரவரி 3

அரிசியில் இன்றும் புழு. கழுவும்போது மேலே மிதந்ததைக் கொட்டினேன், அடியில் கிடந்தது சோற்றோடு வெந்துவிட்டது. மேஸ்திரி எட்டிப் பார்த்து, "என்ன சமையல், இன்னிக்கு ஸ்பெஷல் உண்டா?" என்கிறான். ஏன் இல்லாமல்? உனக்கும் கேப்டனுக்கும் தனி மூட்டை, தனிச் சட்டி. எங்களுக்கு இந்த ஸ்பெஷல். மனதுக்குள்தான் சொன்னேன். போன வாரம் வாய்விட்டுச் சொன்னதற்கு இடது காது இன்னும் இரைகிறது.

மேலே இருப்பவர்களில் நம் பாஷை தெரிந்தவன் மேஸ்திரி ஒருவன்தான். கேப்டன் பேசுவது எங்களுக்குப் புரியாது, அடிப்பது மட்டும் புரியும். அவர் அறைக்கு டீ கொண்டுபோகும்போது காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து இங்கே தேதி போடுகிறேன். சாமான் கணக்கு எழுதக் கொடுத்த நோட்டின் பின்பக்கம் இது. எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டால், சும்மாதான். புலம்புவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

பிப்ரவரி 4

"கப்பல்ல குக் வேலை. ஏசி ரூம். கரைக்கு வந்தா லீவு." ஏஜென்ட் சொன்னது இதுதான். கடைசி வாக்கியம் பொய்யில்லை. கரைக்கு வந்தால் லீவுதான், படகு கரைக்கே வருவதில்லை, அவ்வளவுதான். எப்போதாவது ஒரு சரக்குப் படகு வந்து டீசலும் அரிசியும் தண்ணீரும் இறக்கிவிட்டு, ஐஸ் அறையில் இருக்கும் மீனை ஏற்றிக்கொண்டு போகும். நாங்கள் இங்கேயேதான். பாஸ்போர்ட் எல்லாம் கேப்டன் அறை இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது.

ஓட்டல் சமையல்காரன் மாதிரி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அறிவு கெட்டவன். ஊரில் ஒரு மெஸ்ஸில் வடித்துக் கொட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இங்கே சமைத்து முடித்ததும் வலை இழுக்கவும் போகணும்.

பிப்ரவரி 7

டிரைவர் இன்று என்னைப் பார்த்துச் சிரித்தான். இன்ஜின் ஓட்டுகிறவன், அதனால் எல்லோருக்கும் டிரைவர், நான் எல்லோருக்கும் 'சமையல்' என்கிற மாதிரி. "மீன் பிடிக்கிற படகுல மீன் சாப்பிடாத சமையல்காரன். உன்னை மியூசியத்துல வைக்கணும்டா" என்றான்.

என்ன செய்வது, சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கி உயிர் போய் வந்தது. அன்றிலிருந்து மீன் வாய்க்கு அருகில் வந்தாலே குமட்டும். அம்மா அதற்காக இத்தனை வருஷமும் எனக்குத் தனியாகச் சமைத்துத் திட்டித் தீர்த்தாள். "இந்த ஒருத்தனுக்காக இன்னொரு சட்டி கழுவணும்!" என் பங்கு மீனையெல்லாம் தின்றவன் தம்பி. நான் உட்காரும் முன்பே தட்டைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வான். அவன் உடம்பில் பாதி என் பங்கு.

இங்கே கடைசியில் தனியாக அடுப்படியில் உட்கார்ந்து சோற்றில் உப்பும் மிளகாயும் பிசைந்து சாப்பிடுகிறேன். டிரைவரைத் தவிர யாருக்கும் இது தெரியாது. மேஸ்திரி மேலே கேப்டனோடு சாப்பிடுகிறவன். நான் தின்றேனா செத்தேனா என்று அவனுக்கென்ன?

பிப்ரவரி 11

மச்சானுக்குக் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

டிரைவரின் தங்கையைக் கட்டியவன். டிரைவருக்கு மச்சான், அதனால் எங்கள் எல்லோருக்கும் மச்சான். ஆனால் டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான். சாப்பிடும்போதுகூட அவனுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. டிரைவரே சொன்னான்: "நான்தான் போன்ல கூப்பிட்டேன். பக்கத்துல மேஸ்திரி நின்னான். 'நல்லா இருக்கேன் மாப்ளே, வா'ன்னு சொன்னேன். அவ்வளவுதான் பேச விட்டான். அந்த ரெண்டு வார்த்தைக்கு வந்துட்டான்."

பிப்ரவரி 15

மச்சானுக்கு மூச்சு வாங்குகிறது. இன்றும் வலை இழுக்க எழுப்பினார்கள். எழுந்தான். வீக்கம் தொடைக்கு ஏறிவிட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "உங்க கைப்பக்குவம் நல்லாருக்கு சமையல்" என்றான். புழுத்த அரிசிக் கஞ்சி. அதற்கு இப்படி ஒரு பாராட்டு. வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18

மச்சான் போய்விட்டான்.

பிப்ரவரி 19

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

சரக்குப் படகு வரும்வரை ஐஸ் அறையில் வைத்திருந்து, வந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று டிரைவர் கேப்டன் காலைப் பிடித்தான். கேப்டன் ஏதோ சொன்னார். "ஐஸ் அறை மீனுக்குங்கிறார்" என்றான் மேஸ்திரி. அவ்வளவுதான். பழைய தார்ப்பாயில் சுற்றி, துருப்பிடித்த சங்கிலி கட்டி, மீன் குடலை வீசுகிற அதே பக்கத்தில்... ஐயோ, மீனுக்கு இருக்கிற மதிப்புகூட மனுஷனுக்கு இல்லையா? அவன் பெண்டாட்டிக்கு யார் போய்ச் சொல்வது? சொல்லமாட்டார்கள். ஏஜென்ட் போய் "நல்லா இருக்கார், சிக்னல் இல்ல" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வருவான்.

டிரைவர் அழவில்லை. "கடைசி வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லடா" என்றான். அதையே நாலைந்து தடவை சொன்னான்.

பிப்ரவரி 25

மேஸ்திரி சிரித்துக்கொண்டே வந்தான். அவன் சிரித்து எனக்கு நல்லது நடந்ததே இல்லை.

"உனக்கு ஒரு தம்பி இருக்கானாமே. நல்ல வாட்டசாட்டமான ஆளாமே."

ஆள் குறைந்துவிட்டது, வலை இழுக்க ஆள் வேண்டும். ஏஜென்ட் ஏற்கெனவே எங்கள் வீட்டுக்குப் போய்ப் பேசியாயிற்றாம். பையன் பிடிகொடுக்கவில்லையாம், அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்கிறானாம். "போன் போட்டுத் தர்றேன். நல்ல வேலைடா, வாடான்னு சொல்லு. அவன் வர்ற படகுலயே நீ கரைக்குப் போயிடலாம். பாஸ்போர்ட்டைக் கையில வாங்கிக்கோ."

கரை. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் உடம்பு எப்படித் துள்ளியது என்பதையும் எழுதிவைக்கிறேன். ஒரு நொடி. ஒரே ஒரு நொடி. சீ, நானெல்லாம் ஒரு அண்ணனா?

பிப்ரவரி 26

மாட்டேன் என்றால் என்ன ஆகும்? என்னைக் கொன்றுபோட்டாலும் ஏஜென்ட் அங்கே உட்கார்ந்து பேசிப் பேசியே அவனைக் கரைத்துவிடுவான். தம்பி வெள்ளந்தி. அவனைத் தடுக்க என் குரல் ஒன்றுதான் போய்ச் சேரும்.

"வராதே" என்று கத்திவிட்டால்? மேஸ்திரி பக்கத்திலேயே நிற்பான். முழுசாகச் சொல்வதற்குள் கட் பண்ணிவிட்டு, "லைன் சரியில்ல, வரச் சொல்றார்" என்று ஏஜென்ட்டை வைத்துச் சொல்ல வைப்பான். அப்புறம் என்ன பண்றது? என்னடா பண்றது நான்?

பிப்ரவரி 27

வெங்காயம் நறுக்கும்போது தோன்றியது. கத்தியைக் கீழே போட்டுவிட்டேன்.

மீன்! தினமும் மீன் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். மேஸ்திரிக்கு அதில் ஒன்றும் தெரியாது. மீன் படகில் இருப்பவன் மீன் சாப்பிடாமல்? ஆனால் தம்பிக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும், என் பங்கைத் தின்று வளர்ந்தவனுக்குத் தெரியும். அண்ணன் பொய் சொல்கிறான், யாரோ சொல்ல வைக்கிறார்கள் என்று பிடித்துக்கொள்வான். அவன் வெள்ளந்திதான், முட்டாள் இல்லை.

டிரைவரிடம் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு இப்படி ஒண்ணு தோணலையே" என்றான்.

மார்ச் 1

பேசிவிட்டேன்.

மேலே கேப்டன் அறையில் வைத்து சாட்டிலைட் போனைக் கொடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டார்கள். மேஸ்திரி கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தான் மேலேயே வைத்திருந்தான்.

"அண்ணா! அண்ணா, நல்லா இருக்கியா?" அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. பின்னால் ஏஜென்ட் யாரிடமோ பேசுவது கேட்டது. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், பாவி. நான் நல்லா இருக்கேன், நல்ல வேலை என்றேன். மேஸ்திரி தலையாட்டினான். பிறகு சொன்னேன்: "சாப்பாட்டுக்குக் குறைவே இல்லடா. தினம் மீன்தான். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுறேன்."

தம்பி இழுத்து இழுத்துக் கேட்டான்:

"நீயா? மீனா?"

"ஆமாடா. முள்ளுகூட விடுறதில்ல. அம்மாகிட்ட சொல்லு."

"சரிண்ணா. நான் பாத்துக்கறேன்" என்றான். குரல் மாறியிருந்தது. சத்தியமாக மாறியிருந்தது. மேஸ்திரி கட் பண்ணிவிட்டு என் முதுகில் தட்டினான்.

மார்ச் 2

பிடித்துக்கொண்டுவிட்டான். "நீயா? மீனா?" என்று அவன் இழுத்த இழுப்பிலேயே தெரிந்தது. என் தம்பிடா அவன்!

டிரைவரும் நானும் இன்று எதற்கோ சிரித்தோம். எதற்கென்று நினைவில்லை. கைப்புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது, அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒருவேளை அவன் போலீசுக்கே போயிருக்கலாம். போயிருப்பான். ஏஜென்ட் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பான்.

மார்ச் 8

சரக்குப் படகு வரவில்லை. தண்ணீர் தொட்டியில் அடி மண்டிதான் இருக்கிறது. துரு வாடை.

மார்ச் 13

போலீஸ் படகு மாதிரி ஒன்று தூரத்தில் தெரிந்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். அது தன் வழியே போனது.

டிரைவருக்கும் கணுக்காலில் வீக்கம். அழுத்திப் பார்க்கவேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டான். என் காலை நான் பார்க்கவில்லை.

மார்ச் 17

தம்பி வரவில்லை என்று தெரிந்தால் என்னை என்ன செய்வார்கள்? செய்யட்டும். அவன் அங்கே கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்குவதை நினைத்துக்கொள்கிறேன். வீடே அதிரும்படி விடுவான். அது போதும். வேறு ஒன்றுமே வேண்டாம் எனக்கு.

மார்ச் 21

நாளைக்குச் சரக்குப் படகு வருகிறதாம். மேஸ்திரி விசில் அடித்துக்கொண்டு திரிகிறான். "பையைக் கட்டி வை" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். எதற்குச் சொன்னான்? என்னை எங்கேயாவது தள்ளிவிடப் போகிறானா? ஏன் சிரிச்சான்?

மார்ச் 22

வந்துவிட்டான்.

கயிற்று ஏணியில் மூன்று பேர் ஏறினார்கள். மூன்றாவது ஆள் கட்டம் போட்ட புதுச் சட்டை. தலை மேலே வருவதற்கு முன்பே, ஏணியைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "அண்ணா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான். "என்ன இப்படி இளைச்சுக் கிடக்க? தின்ன மீனெல்லாம் எங்க போச்சு?" என்று என் வயிற்றில் குத்திச் சிரித்தான்.

மேஸ்திரி மூன்று பாஸ்போர்ட்டையும் "பத்திரமா இருக்கும்" என்று வாங்கிக்கொண்டான். நான் என் பையோடு நின்றேன். "தம்பிக்கு வேலை கத்துக் குடு. உன்னை அடுத்த படகுல பாக்கலாம்" என்றான். அதற்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை. மீனை ஏற்றிக்கொண்டு சரக்குப் படகு போயிற்று. தம்பி அதற்குக் கை காட்டினான்.

அடுப்படியில் என் பக்கத்தில் நின்று நிறுத்தாமல் பேசினான். "ஏஜென்ட் மூஞ்சியே எனக்குப் பிடிக்கலண்ணா. வேணாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு போன் வரலன்னா வெளியே போய்யான்னு சொல்லியிருப்பேன். நீ மீன் சாப்பிடுறேன்னு சொன்னியே, அதுலதான் கிளம்பினேன். மீன் வாசனைக்கே ஓடுறவன் கேட்டு வாங்கித் தின்னுறான்னா, எவ்ளோ நல்லா வச்சிருக்கணும்! சந்தோஷத்துல போன்லயே அழுகை வந்துடுச்சுண்ணா. அம்மாவைப் பாக்கணுமே. 'எம்புள்ள மீன் சாப்பிடுறானாம்'னு தெருவுல போறவங்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிச்சு. இனிமே ஒரே சட்டி போதும்னு சொல்லி அழுதுச்சு."

அரிசி வெந்து பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன்தான் தீயைக் குறைத்தான்.

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படியும் நாளைக்கு வலை மேலே வரும், அவனே தெரிந்துகொள்வான். இன்று ஒரு ராத்திரியாவது குறட்டை விட்டுத் தூங்கட்டும்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். டிரைவர் எங்களைப் பார்த்தான், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். தம்பி என் எதிரே உட்கார்ந்தான். சட்டியில் இருந்த பெரிய துண்டை எடுத்து விரலால் பிய்த்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். பிறகு அதை என் சோற்றின் மேல் வைத்தான்.

"முள் எடுத்துட்டேன். சாப்பிடு" என்றான். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டேன். விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்றேன்.

"இன்னொண்ணு வைக்கவா?" என்றான்.

வை என்றேன்.