தறி நின்ற வீடு

அன்புள்ள பாவா,

நீங்கள் திருத்தணியை விட்டுப் போனதிலிருந்து தறி ஓடவில்லை.

நேற்று ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளிடம், “தகுதி பார்க்காமல் ஆண்டவர் மன்னிப்பதுதான் கிருபை” என்றேன். நம் பெரியவள் எழுந்தாள்.

“ஆங், தங்கச்சியும் நைனாவ மன்னிச்சிடுச்சும்மா.”

தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிப்போன நம் சின்னவள் தினமும் வந்து அவளோடு பேசுகிறாளாம்.

“தொட்டிக்குள்ளேர்ந்து ரெண்டு தபா கூப்டுச்சாம். நைனா, ‘இந்த லுங்கிய முடிச்சிட்டு வரேன்’னு சொன்னாராம்.”

தறிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? அன்று பெரியவள் வீட்டிலேயே இல்லை. நூல் வாங்க என்னோடு பொதட்டூர்பேட்டைக்கு வந்திருந்தாள்.

குழந்தை மன்னித்துவிட்டாள், பாவா. எனக்குத்தான் இன்னும் அந்தக் கிருபை வரவில்லை.

இப்படிக்கு,
இருவருக்கும் தாய்