சாருக்கு அனுப்பியது யார்?

என்னங்க,

போனில் பேசினால் சண்டையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீனில் விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய புரளியால், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் கவிநிலாவின் அம்மா விற்காத மீனைக் கூடையோடு குப்பையில் கொட்டியிருக்கிறார். கவிநிலா என் மாணவி. எதைக் கேட்டாலும் யார் சொன்னது என்று விசாரியுங்கள் எனத் தொண்டைத்தண்ணி வற்றக் கத்துகிறேனே, அந்த வகுப்பு.

பிள்ளைகள் விசாரித்தேவிட்டார்கள். யாருக்கு யார் அனுப்பியது என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டே போனவர்கள், உங்கள் பெயரில் வந்து நின்றார்கள்.

வகுப்பே என்னைப் பார்த்தது. கவிநிலா கோபப்படக்கூட இல்லை.

"சாருக்கும் யாராச்சும் அனுப்பிருப்பாங்க மிஸ். கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்கிறேன். யார் அனுப்பியது? 'எல்லாரும் சொல்றாங்க' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பதிலுக்கு நான் மார்க் போடுவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு டீச்சர்