உப்புப் பார்த்தவர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததை ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று. நீ அனுப்பிய ஸ்வெட்டர் அளவாகத்தான் இருக்கிறது. நிறம் கொஞ்சம் எடுப்பு. இந்த வயதில் இதைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் நாய் குரைக்கும். வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் சலூன்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை நம் சுட்ட கறிக் கடை வாசலில் எல்லோரும் கூடி அப்பாவை நினைக்கப் போகிறார்களாம். தெருவே புகையண்ணன் புகையண்ணன் என்று தலையில் வைத்துக் கொண்டாடிய மனுஷன் அல்லவா. நான் கறியை மசாலாவில் ஊறவைத்துக் கொடுத்தால் போதும், தணல் போட்டுச் சுடுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். சரி என்றேன். காபி குடித்துக்கொண்டே அப்பாவின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்.

"பாவம்க்கா, நாக்கு செத்துப்போனப்புறம் தினமும் காலைல முதல் துண்டை எங்கிட்டதான் குடுத்து உப்புப் பாக்கச் சொல்வாரு."

எந்த நாக்கு, எப்போது செத்தது என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. விடுவேனா? ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்பாவுக்கு வயிற்றில் கட்டி இருந்ததாம். மருந்து ஏறிய பிறகு வாயில் ருசியே தெரியவில்லையாம். கரி வாங்கப் போகிறேன் என்று கிளம்பிய நாளெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார். கூட்டிப் போனது ஆட்டோக்காரர். மாத்திரைகள் இருந்தது எதிர்வீட்டு டீச்சரின் அலமாரியில். ஊருக்கெல்லாம் தெரியும். கூடப் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாது.

இளைத்துப் போனாரே என்று கேட்டதற்கு அடுப்புச் சூடு என்றார். அதையும் நம்பி, அவருடைய பேன்ட் எல்லாவற்றையும் இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தது நான்தான். அவர் போனபோது, ஒரு அறிகுறிகூட இல்லாமல் திடுதிப்பென்று போய்விட்டாரே என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதையாவது பொறுப்பேன். உப்பு விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் சண்டை முழுக்க உப்புதானே? ஊறவைத்த கறியில் ஒரு துண்டை முதலில் சுட்டு வாயில் போடுவார். உடனே சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடையிலிருந்து, உப்புக் கம்மி என்று ஒரு சத்தம். மறுநாள் கடல் தண்ணியா என்று ஒரு சத்தம். கடைசி மாதங்களில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. தினமும் பிரமாதம் என்றார். இத்தனை வருஷம் கழித்து மனுஷனுக்கு என் கைப்பக்குவம் புரிந்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன். என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவை. அவர் செத்துக்கொண்டிருந்த மாதங்கள். அவர் ருசிக்கவே இல்லை. சலூன்காரர் மென்று பார்த்துத் தலையாட்டியதை வாங்கி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி ஊறவைத்தேன். வேண்டுமென்றேதான் ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் அப்பாவின் போட்டோ. கறி கோத்துச் சுட்ட கம்பியை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, அண்ணன் நேரில் வந்த மாதிரி இருக்கிறது என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கம்பியும் எடுத்தார். நான் ஒரு துண்டு தின்று பார்த்தேன், சப்பென்று இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று மைக்கில் ஒருவர் பேச ஆரம்பித்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உப்பிட்டது அவரா, நானா?

எழுந்து நின்று, "அதுல உப்பே போடலை" என்றேன்.

மென்ற வாய்கள் நின்றன. சலூன்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "தெரியும்க்கா. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்."

அப்பாவும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் ஒவ்வொருவர் வாயையும் அடைத்தாராம். என் மனசு நோகக்கூடாது என்று ஒரு தெருவே கூடி என்னை முட்டாளாக்கி வைத்திருக்கிறது. நோகட்டுமே! என் புருஷனுக்காக என் மனசு நோகாமல் வேறு யார் மனசு நோக வேண்டும்? அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வேண்டியவள் நான். அந்த இடத்தை ஆட்டோக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் உன் அப்பா. அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. போட்டோவுக்கு இன்னும் பூ வைக்கவில்லை.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. அப்பா திருந்திவிட்டார், சமையலைப் பாராட்டுகிறார் என்று உன்னிடம் போனில் சொல்லிச் சிரித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ சிரிக்கவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன். அடுத்த மாதமே, லீவு கிடைத்தது என்று திடீரென்று வந்து நின்றாய். பகலெல்லாம் கடையிலேயே கிடந்தாய். கிளம்பும்போது அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாய். எப்போதும் என்னைத்தானே கட்டிக்கொண்டு அழுவாய்.

எனக்கு ஒரே ஒரு வரி எழுது. தெரியும், இல்லை தெரியாது. எது உண்மையோ அது. என் மனசைப் பார்த்து எழுதாதே. போன் மட்டும் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நீ வாயைத் திறக்கும் முன்பே மன்னித்துவிடுவேன். எதை மன்னிக்கிறேன் என்று இந்த ஒரு தடவையாவது தெரிந்துகொண்டு மன்னிக்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசி. நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இரு. ஏதாவது வந்தால், முதலில் என்னிடம் சொல்.

உன் அம்மா